கரண்டி கேட்டவனுக்கு அண்டா

பிள்ளைகளே, பெரிய அறிவாளி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். செம்பூரில் எங்கள் கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் அனைத்துக்கும் அவர்தான் அட்மின். பாஸ்வேர்டு அடிக்கும்போது இடது கையால் கீபோர்டை மூடிக்கொள்வார். டீ கொண்டுவருபவரைக்கூட நம்பமாட்டார்.

எங்கள் கிளையில் யாராவது பாஸ்வேர்டை மறந்துவிட்டால், அவர் மனமிரங்கும்வரை வேலை நிற்கும். சப்போர்ட் ஆளான நான், எங்கள் கிளைக்கு மட்டும் அதை மாற்றும் உரிமையைக் கேட்டேன்.

"கரண்டிதான் தருவேன், அண்டாவைக் கேக்காதே" என்று சொல்லி, கீபோர்டை மூடியபடியே ஏதோ தட்டி உரிமையைக் கொடுத்தார்.

என் திரையைப் பார்த்தால், முழுக் கம்பெனிக்கும் உரிமை கொடுத்திருந்தார்.

"சார், எல்லார் பேரும் வருதுல்லா. உங்க பாஸ்வேர்டையே நான் மாத்திரலாம் போலுக்கே."

"அரே, நீ எனக்குச் சொல்லித் தர்றியா? போய் வேலையைப் பாரு!"

நாளை ஏதாவது தப்பு நடந்தால் போவது என் வேலை. இருந்தாலும், அவ்வளவு ஜாக்கிரதையானவர் தந்ததைச் சந்தேகிக்க நான் யார்? அவர் எதற்காகக் கையால் மூடுகிறார் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின், எங்கள் கிளையின் இருபத்துமூன்று பேரையும் ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். கடைசிப் பெயருக்குக் கீழே, என் எல்லையாக, அழுத்தமாக ஒரு கோடு போட்டேன்.