பெட்டி விழிக்கும் வரை

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்குக் கை சும்மா இருந்தால் ஆகாது. துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவியின் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்து, அவள் தூக்கத்தைக் கெடுப்பதைப் பணிவிடை என்று நினைத்திருந்தார்.

அன்று தூர ஊரில் மகளுக்குப் பிரசவம். குழந்தை பிறந்ததும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அந்த வீட்டுக்குள் போனில் சிக்னல் எடுக்காது. ஜன்னலோரம் இருந்த, சிம் போட்ட சின்ன வைஃபை பெட்டிதான் வெளியுலகத்துக்கு ஒரே வழி. மத்தியானம் அதன் நீல விளக்கு மஞ்சளாகிவிட்டது.

அணைத்துப் போட்டார். மஞ்சள். உடனே மறுபடி அணைத்தார். வெயில் திரைச்சீலை வழியே வடிந்து, வீடே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. மனைவி அரைக்கண்ணோடு எங்கோ மிதந்துகொண்டிருந்தாள். அவர் ஒரு ஊக்கை நிமிர்த்தி, பெட்டியின் அடியிலிருந்த துளையைத் தேடினார்.

"ஐயா, அத எங்க குத்தப் போறீங்க?" மனைவியின் குதிகாலுக்கு எண்ணெய் தடவியபடியே, அவளைப் பார்த்துக்கொள்ள வரும் நர்சம்மா கேட்டாள்.

"ரீசெட் பண்றேன். எல்லாம் சரியாயிடும்."

"எல்லாம் மறந்துடும். பாஸ்வேர்டு, கம்பெனி ஆளு போட்ட செட்டிங், ஒண்ணும் மிஞ்சாது. அவன் இன்னிக்கு வருவானா?"

"அதான் அணைச்சு அணைச்சுப் போட்டேனே."

"கண்ணு தொறக்கறதுக்குள்ள தலையில தட்டினா எப்படி? அணைச்சுப் போட்டா அது தூங்கி எழும்; எதையும் மறக்காது. அதுக்கும் மசியலன்னா நெட்வொர்க்க மட்டும் ரீசெட் பண்ணணும். டவர மறந்துட்டு புதுசா தேடும். துளையில குத்தறது கடைசி. அக்காவுக்குச் சளி பிடிச்சா நேரா ஆபரேஷனா பண்றோம்?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டியை அணைத்து, ஆறவிட்டுப் போட்டாள். மஞ்சள் மாறவில்லை. பிறகு டேப்லெட்டில் பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, நெட்வொர்க்கை மட்டும் ரீசெட் செய்தாள்.

"இனி தொடாதீங்க. கைய எங்கயாவது ஒளிச்சு வைங்க."

இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கு கண் சிமிட்டியது. பெட்டி மூடுபனியில் போகும் பஸ் மாதிரி ஊர்ந்து போய், ஒவ்வொரு செல்போன் டவரின் அடியிலும் நின்று, 'நீதானா என் ஆள்?' என்று கேட்பதாக அவருக்குத் தோன்றியது. மின்விசிறிச் சத்தம் தூரத்து இன்ஜின்போல் கேட்டது. நிறுத்தம் வரும், பொறு என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக வேறு யாரோ ஓட்ட, அவர் பயணியாகப் போய்க்கொண்டிருந்தார். கண் சொருகியது.

டேப்லெட் அலறிய பிறகுதான் விழித்தார். நர்சம்மா அதை மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். மகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு கூடியது. அவள் மார்பில் சிவந்த, சுருங்கிய ஒரு முகம்.

அவருக்குத் தேம்பல் வந்துவிட்டது.

"அழறதுன்னா அந்தப் பக்கம் போய் அழுங்க. ரெண்டு பேருக்கு மூக்கு துடைக்க எனக்குக் கை போதாது," என்றாள் நர்சம்மா.

மனைவி திரையை நெடுநேரம் பார்த்தாள். குழறும் நாக்கைத் திரட்டிக்கொண்டு சொன்னாள்: "மூக்கு... அவரோடது. பாவம் பிள்ள."