முதலாளிக்கு ஒரு ஹெல்மெட்

இலுப்பூர் பக்கம் ஒரு கல் கிரஷரில் நான் லாரி எடைமேடையில் வேலை பார்த்தபோது, அங்கே பாதுகாப்பு அதிகாரியாக ஒரு மெலிந்த மனிதர் இருந்தார். தலையில் ஒரு ஹெல்மெட், கையில் இன்னொன்று. கையில் இருப்பதைத் தினமும் தூசி போகத் துடைப்பார். ஹெல்மெட் போடச் சொல்லி நச்சரிக்கிறார் என்று யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

"அது யாருக்கு சார்?" என்று கேட்டேன்.

"மொதலாளிக்குங்க. அவரு ஒரு தடவ போட்டுக்கிட்டு அங்கிட்டு நடந்தாப் போதும், எல்லாரும் போட்ருவாங்க."

ஆயுத பூஜைக்கு முதலாளி வந்தார். அதிகாரி இரு கையாலும் ஹெல்மெட்டை நீட்டினார். முதலாளி பயபக்தியோடு வாங்கி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மிஷின் முன்னால் வைத்துக் கும்பிட்டார். வெறுந்தலையோடு சுற்றிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் அதிகாரி அந்தக் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அத நான் போட்டுக்கிறேன் சார்" என்று நானாவது சொல்லியிருக்கலாம். நானும் வெறுந்தலையோடு பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.