வாப்பாவின் கதிரையில் இருந்து பார்த்த படங்கள்

நாங்கள் மீள்குடியேறிய இரண்டாம் வருடம் மன்னாரில் எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் வந்தது. யூதர்களைக் கொன்ற காலத்துப் படங்களை நான் விழுந்து விழுந்து பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அதற்கு முழுப்பழியும் என்னுடையது அல்ல. எதிர்வீட்டு அக்காவின் மகள் ஜேர்மனியில் இருக்கிறாள். அங்கே மொழி வகுப்பில் இப்படியான படங்களைப் போட்டுக் காட்டுவார்களாம். தான் அழுது முடித்ததும், தாயும் அழட்டும் என்று இறுவட்டுகளை அனுப்பிவைப்பாள். படத்தின் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. ஆகவே ஞாயிறு பூசையும் மத்தியானச் சாப்பாடும் முடிந்ததும் என் படலையடியில் வந்து நின்று கூப்பிடுவார்.

போனால், துணியால் நன்றாகத் துடைத்து எனக்கு ஒரு கதிரை போடுவார். அகலமான கைப்பிடி வைத்த, பிரம்பு பின்னிய கதிரை. அந்த வீட்டிலேயே நல்ல கதிரை அதுதான். மரியாதையில் அக்கா ஒரு குறையும் வைத்ததில்லை. ஒரேயொரு சிக்கல், அது என் வாப்பாவின் கதிரை.

முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் தீர வலது கைப்பிடியின் அடியில் விரலை விட்டுத் தடவினேன். பள்ளிக்கூட வயதில் நான் கவராயத்தால் கீறி, வாப்பாவிடம் நல்ல அடி வாங்கிய பிறை அப்படியே இருந்தது. தொண்ணூறில் இயக்கக்காரர் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். ஆட்களுக்கே இடமில்லாத வள்ளத்தில் கதிரையை யார் ஏற்றுவது? புத்தளத்து முகாமில், யாரோ இரங்கிக் கொடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு வாப்பா அதையே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டைக் கேட்கவில்லை, கடையைக் கேட்கவில்லை. கண்ணை மூடி மௌத்தாகும் வரை கதிரையைத்தான் கேட்டார்.

அக்கா அதை எடுத்தாரா, காசு கொடுத்து வாங்கினாரா, மழையில் கிடந்ததைத் தூக்கிவைத்தாரா, எனக்குத் தெரியாது. அவர்களும் கடல் கடந்து ஓடி, மண்டபம் முகாமில் கிடந்து திரும்பியவர்கள்தான். கேட்பது ஒரு நிமிட வேலை. கேட்டுவிட்டால் பிறகு இந்த ஒழுங்கையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்ற வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கு அந்தக் கதிரையும் வேண்டும், அக்காவும் வேண்டும். என் பேராசையைப் பாருங்கள்.

இப்படியாக, என் கதிரையில் விருந்தாளியாக இருந்துகொண்டு, மற்றவர்கள் தங்கள் தளபாடங்களை இழப்பதை வாராவாரம் பார்த்து, தமிழில் சொல்லியும் வந்தேன்.

எல்லாப் படத்திலும் பனி கொட்டும். ஆட்கள் அழுவதற்கு முன்பே வயலின் அழத் தொடங்கிவிடும். எங்களுக்கு வாய்த்தது வெயில். அக்காவுக்கு வேறு கவலை. இவ்வளவு பட்டினியிலும் கதாநாயகியின் புருவம் எப்படித் திருத்தமாக இருக்கிறது என்று கேட்பார். கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்து, சுவரில் இருக்கும் மடுமாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார். பொய் அழுகை அல்ல, சத்தியமாக நெஞ்சிலிருந்து வந்த அழுகை. கொன்று குவிக்கும் இடங்களில் நானும் பகிடியை விட்டுவிட்டு அழுதேன். எங்களை உயிரோடாவது அனுப்பினார்கள்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. முகாம் வாசல் திறந்தவுடன் படம் முடிந்துவிடும். அதன் பிறகு அந்த ஆட்கள் எங்கே போனார்கள், ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்று எவனும் காட்டுவதில்லை.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, கடைசியில் அதையும் ஒருவன் காட்டினான். ஒரு பெண் ஊர் திரும்பித் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். வேறு ஒருத்தி திறக்கிறாள். அவளுக்குப் பின்னால் இவளுடைய தாயின் அலுமாரி நிற்கிறது. இவள் அதைப் பார்க்கிறாள். பிறகு, வீடு மாறி வந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்லித் திரும்புகிறாள். அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். அக்காவுக்கோ கோபம் வந்துவிட்டது.

"விசரி. தன்ர சாமானைத் தான் கேக்கிறதுக்கு என்ன வெக்கம்?"

"கேட்டா குடுப்பாங்களா அக்கா?"

"ஏன் குடாயினம்? அவையும் மனிசர்தானே, டீச்சர்."

என் கை கைப்பிடியின் அடியில் பிறையைத் தேடிப் போனது. இத்தனை மாதம் விழுங்கி வைத்திருந்தது வாய்வரை வந்துவிட்டது.

"அக்கா, இது எங்கட வாப்பாட கதிரை."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தெருமுனை வரை நடந்து போய்விட்டாள்.

"படம் முடியட்டும், டீச்சர்," என்றார்.

படம் முடிந்தது. தேத்தண்ணி வந்தது. வேறொன்றும் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் வழமைபோல் என்னைக் கூப்பிட்டார். போனேன். தொலைக்காட்சிக்கு முன்னால் புத்தம்புதிய பிளாஸ்டிக் கதிரை ஒன்று போட்டிருந்தது. வெள்ளை நிறம். மரக்கதிரை என் முதுகுக்குக் கூடாதாம், அதனால் எனக்கென்றே சந்தையில் வாங்கிவந்தாராம். எப்போதும் திறந்தே கிடக்கும் உள்ளறைக் கதவு அன்று சாத்தியிருந்தது. ஆனாலும் இருந்தேன். வாப்பா இருந்ததும் இப்படியொன்றில்தான்.

பனி கொட்டியது. வயலின் தொடங்கியது. கம்பிவேலியைப் பிடித்தபடி ஒரு கிழவர் நீண்ட நேரம் பேசினார். அக்காவின் கண் இப்போதே கலங்கிவிட்டது.

"என்ன சொல்லுறார், டீச்சர்?"

"படம் முடியட்டும், அக்கா," என்றேன்.