பிரம்மி சாப்பிடும் நேரம்

“அங்க இன்னும் பொழுது சாயலக்கா! உன் வாயை உன் வூட்டோட வெச்சிக்க!”

பிரம்மி என் முகத்துக்கு நேராகக் கத்தினாள். முன்னால் தட்டு, தட்டில் சோறு. கையை வைக்காமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவிளக்கு எரிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

நாங்கள் ஜைனர்கள். பொழுது போனபிறகு எங்கள் வீடுகளில் யாரும் சாப்பிடுவதில்லை. காய்ச்சலில் கிடக்கிறவனுக்குக்கூட இருட்டுவதற்கு முன்னால் கஞ்சியைக் கொடுத்துவிடுவோம். அதனால்தான் கேட்டேன்.

“இன்னாடி இது, இருட்டுல பிசாசு மாதிரி சோத்தை வெச்சிக்கினு குந்தியிருக்கிற?”

இவ்வளவுதான் கேட்டேன். அதற்குத்தான் அந்தக் கத்தல்.

பிரம்மி என் ஓரகத்தி. அண்ணன் பெண்டாட்டி நான், தம்பி பெண்டாட்டி அவள். தொண்டூரில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவள் வீடு. அண்ணனும் போய்விட்டார், தம்பியும் போய்விட்டார். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேரும் எங்கள் சண்டையும்தான். மோட்டார்த் தண்ணீர் முறைக்குச் சண்டை, மாடு மேய்ந்ததற்குச் சண்டை, முருங்கைக்கிளை என் பக்கம் சாய்ந்ததற்குச் சண்டை. குள்ளமாக இருப்பாள். நடந்தால் நான் ஓடவேண்டும். கடலைக்கொல்லையில் களை எடுக்கும்போது ஆள்காரிகளைவிட இரண்டு சால் முன்னால் போய்விடுவாள். சிரிப்பு மட்டும் வராது. பிள்ளை போனில் கூப்பிட்டால் வரும்.

பிள்ளை ரிஷபன். ஒரே பிள்ளை. பன்னிரண்டாவது முடித்ததும் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றான். உறவில் ஒருத்தன் வந்து, “எறும்பை மிதிக்காத வூட்டுல பொறந்துட்டு துப்பாக்கி தூக்கறதா?” என்று கேட்டான். “உன் வூட்டுக்கு நீ கதவு போட்டுக்கினுதான தூங்கற? என் புள்ள அந்தக் கதவு. போய் வேலையப் பாரு” என்று அவனை அனுப்பிவிட்டாள். மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இருட்டுனப்புறம் சாப்பிடாத, நைனா.”

“சாப்பிடமாட்டேம்மா. நான் சாப்பிடற நேரத்துக்கு நீயும் சாப்பிடு. சேந்து சாப்ட்ட மாதிரி இருக்கும்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பான். இவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். முதலில் அவனை அருணாச்சலம் பக்கம் போட்டார்கள். குளிர்காலத்தில் நாலரைக்கெல்லாம் அங்கே இருட்டிவிடுகிறதாம். இவள் இங்கே வெயில் கொளுத்தும்போது மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். “எங்கடி ஓடற?” என்றால், “அங்க பொழுது போவுதுக்கா” என்பாள். ஆள்காரிகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு அவனை ராஜஸ்தானுக்கு மாற்றினார்கள். அங்கே கோடையில் ஏழரைக்குத்தான் பொழுது சாயுமாம். அன்றிலிருந்து இவள் இருட்டில் தட்டை வைத்துக்கொண்டு காத்துக்கிடந்தாள். கோயிலில் பெண்கள் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். எனக்குத்தான் மானம் போயிற்று.

ஒரு வைகாசியில் ரிஷபனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். ராத்திரியில் வண்டி கவிழ்ந்துவிட்டது என்றார்கள். கொடி போர்த்தியிருந்தது. சுடுகாட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ஊரே அழுதது. பிரம்மி மட்டும் பெட்டியோடு வந்த பட்டாளத்துக்காரன் ஒவ்வொருவனிடமும் போய், “அன்னிக்கு என் புள்ள சாப்ட்டானா?” என்று கேட்டாள். அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி வந்து கையைக் கூப்பி, “வீர மரணம்மா” என்றார்.

அதையா கேட்டாள்?

எங்களுக்குத் திதி கிடையாது. காக்கைக்குச் சோறு வைப்பதில்லை, படத்துக்குப் படைப்பதில்லை. உயிர் போன கையோடு அடுத்த பிறவிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். மற்ற வீடுகளில் வருஷத்துக்கு ஒருநாள் வடை பாயசம் வைத்து, அழுது, தீர்த்துக்கொள்கிறார்கள். பிரம்மிக்கு அந்த ஒருநாளும் இல்லை. அவள் ஏழரை மணியைப் பிடித்துக்கொண்டாள். கோடை போய் மழை வந்தது, பனி வந்தது, அவள் நேரம் மாறவில்லை. “செத்தவனுக்கு இன்னாடி பொழுது?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கடலை பிடுங்கி முடிகிறவரை என்னோடு பேசவில்லை.

ரிஷபனோடு அந்த வண்டியில் போன இன்னொரு பையன் நம் பக்கத்துக்காரன்தான். அனந்தபுரம் விநாயகம். “நம்ம ஊரு ஆளு ஒருத்தன் கூட இருக்கிறாம்மா” என்று ரிஷபன் போனில் சொல்லியிருக்கிறான். விநாயகம் கால் உடைந்து மாசக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். பிறகு லீவில் வந்தாலும் தொண்டூர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. பிரம்மி அவன் வீட்டைத் தேடிப் போவாள். “இப்பத்தான் மெட்ராசுக்குப் போனான்” என்பாள் அவன் அம்மா. வாசலில் அவன் செருப்பு கிடக்கும். பிரம்மி செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.

இந்தத் தை மாசம், செஞ்சியில் கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு பூங்கா திறந்தார்கள். பட்டாளத்தில் உயிரை விட்டவர்களுக்காக, பட்டாளத்தில் இருந்து வந்தவர்களே பணம் போட்டுக் கட்டியது. எங்களுக்கும் பத்திரிகை வந்தது. விநாயகம் வேலையை விட்டு வந்துவிட்டான், அவன்தான் அன்று கொடி பிடிக்கிறான் என்று கேள்விப்பட்டதும் பிரம்மி இரும்புப் பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்தாள்.

மத்தியானமே போய்விட்டோம். புல் இன்னும் பிடிக்கவில்லை, செம்மண்ணாகக் கிடந்தது. நடுவில் ஒரு கறுப்புக் கல். அதில் பெயர்கள். எனக்கும் எழுத்து தெரியாது, அவளுக்கும் தெரியாது. காவலுக்கு நின்ற போலீஸ்காரப் பெண் ரிஷபன் பெயர் இருக்கிற இடத்தைக் காட்டினாள். பிரம்மி விரலால் ஒருமுறை தடவினாள். பக்கத்தில் ஒருத்தி கல்லைக் கட்டிக்கொண்டு கதறினாள், ஒருத்தி கற்பூரம் ஏற்றினாள். பிரம்மி புடவைத் தலைப்பால் கல்லில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு, கூட்டத்தில் விநாயகத்தைத் தேட ஆரம்பித்தாள்.

அவன் கொடிக்கம்பத்துக்குக் கீழே விறைப்பாக நின்றான். நிகழ்ச்சி முடிகிறவரை அசையமுடியாது. பெரிய மனிதர்கள் வரவே பொழுது இறங்கிவிட்டது. வந்தபிறகு பேச்சு. பேச்சு முடிந்து சால்வை. சால்வை முடிந்து மறுபடியும் பேச்சு. சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போயிற்று.

“இன்னும் வெளிச்சம் இருக்குதுடி. புளிச்சோறு கொண்டாந்திருக்கிறேன், ரெண்டு வாய் போட்டுக்க” என்றேன்.

“கேட்டுட்டு சாப்பிடறேன்.”

நான் என் பங்கைச் சாப்பிட்டுக் கையைக் கழுவினேன். அவள் காலையிலும் ஒன்றும் சாப்பிடவில்லை.

விளக்கு போட்டபிறகுதான் கூட்டம் கலைந்தது. விநாயகம் காலை இழுத்து இழுத்துப் பின்பக்கமாக நழுவப் பார்த்தான். நான் போய் வழியை மறித்தேன்.

“ஏன்டா, உன் வூட்டுக்கு நடந்து நடந்து இவ செருப்பு தேஞ்சிபோச்சு. எதுக்குடா ஒளியற? ஒன்ன கடிச்சா தின்னுடுவா?”

“நீ சும்மா இருக்கா” என்று பிரம்மி என்னைத் தள்ளினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நைனா, ஒன்னே ஒன்னுதான் கேக்கறேன். அன்னிக்கு அவன் சாப்ட்டானா?”

“சாப்ட்டாம்மா. நல்லா சாப்ட்டான்.”

“இன்னா சாப்ட்டான்?”

“ரொட்டி. உருளக்கெழங்கு.”

பிரம்மி அவன் முகத்தையே பார்த்தாள். “மண்ணுக்குள்ள வெளையற கெழங்கு எதையும் அவன் தொடமாட்டான், நைனா. பட்டாளத்துலயும் தொட்டதில்ல. நெஜத்தச் சொல்லு.”

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்.

“அன்னிக்கு மணல் காத்தும்மா. எதிர்ல நிக்கற ஆளு தெரியல. காலைல டீ குடிச்சதோட சரி. சோத்து வண்டி வந்து சேர்றதுக்குள்ள நல்லா இருட்டிப்போச்சு. ‘சாப்டுடா, இங்க யாரு பாக்கப்போறா’ன்னேன். ‘எங்கம்மா இந்நேரம் சாப்ட்டு கை கழுவியிருக்கும்டா. நான் இப்ப சாப்ட்டா அது தனியா சாப்ட்ட மாதிரி ஆயிடும்’னான். அவன் பங்கு ரொட்டிய என் தட்டுல போட்டுட்டான். நான்தாம்மா தின்னேன். அப்புறம்தான் வண்டில ஏறச் சொன்னாங்க.”

மேடையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அன்னிக்குக் கத்திரிக்கா கொழம்பு” என்றாள் பிரம்மி. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். “ஏழரைக்கு சாப்ட்டேன். நல்லா இருக்குதேன்னு ரெண்டாம் வாட்டி போட்டுக்கினேன். அவனும் சாப்பிட்டுக்கினு இருக்கிறான்னு நெனச்சேன்க்கா. நாந்தான் பெத்த புள்ளய பட்டினியா அனுப்பிட்டேன்.”

அவள் தோளைப் பிடித்தேன். எலும்புதான் கைக்குக் கிடைத்தது.

விநாயகம் நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதான். அத்தனை பெரிய ஆள், மெடல் எல்லாம் ஆடியது. பிரம்மி அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தவள், “நீ எப்ப சாப்ட்ட?” என்று கேட்டாள்.

“காலைலம்மா.”

“நாள் பூரா நின்னியே.” அவள் ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.

“எங்கடி போற? புளிச்சோறு அப்படியே இருக்குது. அதைக் குடேன்” என்றேன்.

“அது ஆறிப்போச்சுக்கா. அன்னிக்கும் இவன் ஆறின ரொட்டிதான தின்னிருப்பான்.”

எதிரே இருந்த ஓட்டலுக்குப் போனாள். சூடாகப் போட்டு எடுக்கிறவரை பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டு வந்தாள். கறுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டு மேடையில் அவனை உட்காரவைத்து, பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தாள்.

“எப்பிடிம்மா எறங்கும்?”

“எறங்கும். அன்னிக்கு அவன் குடுத்தான், தின்ன. இன்னிக்கு நான் குடுக்கறேன். சாப்புடு.”

அவன் பிட்டு வாயில் வைத்தான். மென்றுகொண்டே அழுதான். “நீங்க சாப்பிடலியாம்மா?” என்றான்.

“இருட்டிப்போச்சே, நைனா. நாங்க இருட்டுல சாப்பிடமாட்டோம்.”

இவள் இருட்டில் சாப்பிடுகிறாள் என்று வருஷக்கணக்காகத் திட்டியவள் நான். அன்று அவள் ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் கோயிலுக்கு நெய் விளக்கு போட்டிருப்பேன். சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே, என்னைப் போல, ஊரைப் போல, சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அதற்குப் பிறகும் அப்படித்தான். கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

அன்று ஓட்டலுக்கு நான்தான் பணம் கொடுக்கப் போனேன். “என் புள்ள கணக்குக்கு நீ எதுக்குக் குடுக்கற?” என்று என் கையைத் தட்டிவிட்டு, சுருக்குப்பையை அவிழ்த்து அவளே கொடுத்தாள். இரண்டு சப்பாத்தியும் குருமாவும் ஐம்பது ரூபாய்.