தண்டவாளத்தில் நின்ற வாசகர்

புத்தகத்தின் தையலைப் பிரித்துவிட்டால் ஒரே கதையை ஐந்து பேர் படிக்கலாமே என்று திருநின்றவூர் ரயிலில் ஒரு நாள் எனக்குத் தோன்றியது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தேன். மறுநாளே பிரித்து, என்னோடு அம்பத்தூருக்கு வேலைக்கு வரும் நண்பர்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுக்க ஆரம்பித்தேன்.

போன வாரம், கடைசிக்கு முந்தைய அத்தியாயம் லேத் ஓட்டும் கன்னியப்பன் கையில் இருந்தது. கதாநாயகி பிரசவ வலியில் துடிக்கும் இடம். அம்பத்தூரில் இறங்கியும் அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வழக்கம்போல் எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டினோம். அவர் மட்டும் நடுவில் நின்றுவிட்டார். எதிரே எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டே வந்தது. கத்தினேன், அவர் காதில் விழவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் ஜல்லியில் விழுந்தோம். ரயில் எங்களை உரசுவதுபோல் போனது.

"இன்னா அண்ணாத்தே, சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?" என்றேன்.

"அந்தப் பொண்ணு பொழைச்சாளா? அத்த மட்டும் சொல்லு நைனா. என் ஊட்டுக்காரியும் எட்டு மாசமா கீறா."

முடிவை முன்கூட்டிச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அன்று சொல்லிவிட்டேன், "பொழைச்சிட்டா, புள்ளையும்தான்" என்று. அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அன்றிலிருந்து திருமுல்லைவாயில் வந்ததும் தாள்களை வாங்கிப் பையில் வைத்துவிடுகிறேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை ஐந்து பேரும் நெருக்கி உட்கார, நானே உரக்கப் படிக்கப்போகிறேன். அந்தப் பெண் பிழைக்கும் இடத்தைக் குரல் தழுதழுக்காமல் படித்து முடிக்க வேண்டும்.