ஆசோவுக்குச் சொன்ன சீனக் கதை

சீனத் தொலைக்காட்சித் தொடரை ஒரு சீனப் பெண்மணிக்கு மலாய் மொழியில் விளக்கிச் சொல்வதுதான், பாளையங்கோட்டைக்காரியான என்னுடைய அன்றாட வேலை. இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. ஆனாலும் சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் எட்டாவது மாடியில் சோறு வடித்து இறக்கியதும், எதிர்வீட்டுக்குப் போய் அதைத்தான் செய்கிறேன். இதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஊருக்கே திரும்பிவிடலாமா என்பதுதான் கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுப் பேச்சு. அந்தப் பேச்சு எப்படி முடிந்தது என்பதற்கு வருகிறேன், இருங்கள்.

படங்களைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. அப்பா எங்கள் கோயிலில் உபதேசியாராக இருந்தார். தவக்காலத்தில் பங்கில் திரைகட்டிக் காட்டும் இயேசுவின் பாடுகளைத் தவிர வேறு எதையும் எங்களைப் பார்க்க விட்டதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி விழுந்தேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் குமாஸ்தாவான என் வீட்டுக்காரருக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. பூசை முடிந்ததும் சிராங்கூன் ரோட்டில் தோசை, அப்புறம் தியேட்டர். சிங்கப்பூருக்கே வந்து எடுத்த தமிழ்ப் படங்கள் என்றால் அரங்கில் பாதிப்பேர் எழுந்து நின்று, அது எங்க புளோக்கு, இது எங்க பஸ் ஸ்டாப்பு என்று கத்துவார்கள். எனக்கு ஒரே ஒரு குறை. கதாநாயகன் விமானத்தில் இறங்குவான், தலையைத் திருப்பினால் பூங்காவில் பாட்டுப் பாடுவான். இந்த ஊரில் பஸ்ஸுக்கு நிற்காத மனிதனை நான் எப்படி நம்புவது?

ஆங்கிலத் தொடர்களிலும் இதே கதைதான். துப்பறிகிறவன் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அதன் வாசலிலேயே காரை நிறுத்த இடம் கிடைத்துவிடும். அவன் யாரையாவது முத்தமிடப் போகிறான் என்று தெரிந்தால் என் வீட்டுக்காரருக்குத் தாகம் எடுக்கும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். மல்யுத்தம் பார்க்கும்போது மட்டும் அந்தத் தாகமே கிடையாது. அதெல்லாம் பேசி வைத்து நடிக்கிறது என்று ஒருமுறை சொல்லப்போக, ரெண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மலாய்ப் பேய்ப் படங்கள்தான் என்னை நிஜமாகவே பயமுறுத்தியவை. பிரசவத்தில் செத்தவள் பொந்தியானாக் என்ற பேயாகி வாழைமரத்தில் குடியிருப்பாளாம். நம் ஊரில் கல்யாண வீட்டு வாசலில் கட்டுகிற மரமாயிற்றே, அதில் போயா குடியிருப்பாள் என்று சிரித்துவிட்டு, ராத்திரி விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

இனி எதிர்வீட்டு ஆசோ. சீனர்கள் பேச்சில் அண்ணி என்று பொருள். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். என்னை அவர் அடிக் என்பார், மலாயில் தங்கை. எங்கள் வீட்டில் டிவி இல்லாத காலத்தில் அவர் வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தவர். சீனர்கள் எல்லாருக்கும் ஒரே பாஷை என்று நினைத்துக்கொண்டு கப்பலேறியவள் நான். ஆசோவுக்குக் கன்டனீஸ் மட்டுந்தான் தெரியும். ஹாங்காங் தொடர்கள் அந்த மொழியில் வந்தவரை அவர் பார்த்து, சிரித்து, அழுது, எனக்கும் சந்தை மலாயில் நாலு வார்த்தை சொல்வார். பிறகு அந்தத் தொடர்களெல்லாம் மாண்டரின் என்ற வேறொரு சீன பாஷைக்கு மாறின. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அது புரியும். ஆசோவுக்குப் புரியவில்லை. தெரிந்த முகங்கள் தெரியாத பாஷையில் பேசுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பார்க்கவே எனக்குப் பாவமாகிவிட்டது. திரையின் அடியில் ஆங்கில எழுத்து ஓடியது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த இங்கிலீஷ் எதற்கு இருக்கிறது? வாசித்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்த எழுத்து நமக்காக நிற்காது. ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவதற்குள் பாதி போய்விட்டது. திரையில் ஒரு பெரிய வீடு. எல்லோரும் வெள்ளை உடுத்தி நிற்கிறார்கள், நடுவில் ஒரு பெண் தலையில் வெள்ளை முக்காட்டோடு முழங்காலில் இருக்கிறாள்.

“காவின்,” என்றேன் தைரியமாக. கல்யாணம்.

ஆசோ என்னையே பார்த்தார். “அடிக், ஆள் செத்துப்போச்சு லா.”

“இல்லை ஆசோ, வெள்ளை உடுத்தியிருக்கிறாளே. பொண்ணு அவதான்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு இழுத்துப் போனார். கூடத்துச் சுவரில் எங்கள் கல்யாணப் படம். வெள்ளைப் பட்டுச் சேலை, தலையில் வலை, பக்கத்தில் விறைத்துக்கொண்டு இவர். அந்தக் காலத்தில் படமெடுக்கும்போது யார் சிரித்தார்கள்? “இது உன் கல்யாணமா?” என்று கேட்டார். “உங்க அப்பா செத்த அன்றைக்கு எடுத்தது என்று இத்தனை வருஷமும் நினைத்தேன்.” எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சுவர்ப் பக்கம் அவர் திரும்பாததும், ஒவ்வொரு முறையும் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து மெதுவாகப் பேசியதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் அப்பா ஊரில் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறார் என்றேன். உபதேசியாருக்கு அந்த உவமை பிடிக்காது, போகட்டும்.

ஊருக்குத் திரும்பும் பேச்சை ஆரம்பித்ததே நான்தான். வந்த நாள் முதல் இவரை நச்சரித்திருக்கிறேன். கடைசியில் பாளையங்கோட்டையில் வீடு எழும்பிவிட்டது. இவரும் பட்டறையை விட்டுவிடத் தயார். ஜூன் மாதம் வந்து குடியேறுகிறீர்களா, இல்லை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடட்டுமா என்று என் கொழுந்தனார் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று ஒரு மாத லீவில் போனோம். வீட்டுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்ல காற்று, கிணற்றில் நல்ல தண்ணீர்.

என் அக்கா வீட்டிலும் டிவி வந்திருந்தது. டெல்லியிலிருந்து வருகிற இந்தித் தொடர். தெருவே கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஒருவருக்கும் இந்தி தெரியாது. என்ன சொல்றான் என்று கேட்டேன். “ஏட்டி, சும்மா பாரு. சொன்னாத்தானா?” என்றாள் அக்கா. ஆளுக்கொரு கதையை அவர்களே கட்டி, அதற்காகச் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். அதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பாயில் உட்காரப் போனதும் அக்கா தடுத்து, உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. “சிங்கப்பூர்ல இருந்து வந்திருக்கா, தரையிலயா உட்காருவா?” என்றாள் யாரோ ஒருத்தி. ஒரு மாதமும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து படம் பார்த்தேன். என் கூடப்பிறந்தவள் என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது வலித்தது.

திரும்பி வந்த அன்று சாயங்காலமே அல்வாப் பொட்டலத்தோடு எதிர்வீட்டுக்குப் போனேன். ஆசோ பக்கத்தில் இடம் தட்டிக் காட்ட, தரையில் உட்கார்ந்தேன். தொடரில் விட்டுப்போன கதையெல்லாம் அவர் சொல்ல ஆரம்பித்தார். இளையவள் அம்மாவோடு கோபித்துக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விட்டாளாம், அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். மாண்டரினில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரிந்திருக்காது, எல்லாம் முகத்தைப் பார்த்துக் கட்டியது. எனக்கென்ன, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது இவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். “தம்பிக்கு என்ன சொல்லட்டும்? இன்னைக்காவது சொல்லணும்ல.”

நான் திரும்பிப் பார்க்காமலே, “வாடகைக்கு விட்டுடச் சொல்லுங்க,” என்றேன்.

“நிஜமாவா?” என்றார். தலையாட்டினேன். சரி என்று உள்ளே போனார்.

அடக்கிப் பார்த்தும் முடியவில்லை, கண்ணீர் கொட்டிவிட்டது. எங்கள் தமிழ் ஆசோவுக்கு எங்கே புரியும்? திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அல்வாப் பிசுக்கு ஒட்டிய கையால் என் முழங்காலைத் தட்டினார்.

“அழாதே அடிக். நாளைக்கு அவ வீட்டுக்குத் திரும்பிடுவா.”