எரிகிற விளக்குக்கு ஒரு புகார்

நன்றாக எரிந்துகொண்டிருந்த தெருவிளக்கை எரியவில்லை என்று நகராட்சிக்குத் திரும்பத் திரும்பப் புகார் செய்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை, செய்கிறேன் என்பதே தெரியாமல் செய்தேன். இரண்டில் எது கேவலம் என்று இன்னும் முடிவாகவில்லை.

வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறவன் நான். சம்பளத்துக்கு எழுதுவது போக, ஊருக்கு உபகாரமாகவும் ஏதாவது எழுத வேண்டும் என்று நடுவயதில் ஓர் அரிப்பு வந்தது. என் வயதில் சிலர் மாலை போட்டு மலைக்குப் போகிறார்கள். நான் ஒரு லைப்ரரி எழுதினேன். புத்தகம் இல்லாத லைப்ரரி. குடிநீர், சாக்கடை, விளக்கு என்று மக்கள் சொல்லும் புகார்களை நகராட்சியில் பதியவும், அவை என்ன ஆயின என்று படிக்கவும் உதவுகிற நிரல்களின் தொகுப்பு. ஓப்பன் சோர்ஸ். அதாவது கோயில் சுண்டல் மாதிரி: யாரும் கை நீட்டி வாங்கிக்கொள்ளலாம், உப்பில்லை என்று குறையும் சொல்லலாம்.

சோதனைக்கு ஒரு மாதிரிப் புகார் தேவைப்பட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். எதிரே விளக்குக் கம்பம், அதில் ஓர் எண். 'விளக்கு எரியவில்லை' என்று எழுதிவைத்தேன். நிரலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் சோதனையை ஓட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலின் ஆசாரம். ஓட்டினேன். புகார் ஒத்திகைக்கான இடத்துக்குப் போகிறது என்று நம்பினேன். அது நேரே நகராட்சி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தி நேரங்களில் ஒருவர் ஏணியோடு வந்து, விளக்கை அண்ணாந்து பார்த்து, யாரையோ மனசாரத் திட்டிவிட்டுப் போவார். பாவம் என்று நானும் அனுதாபப்பட்டிருக்கிறேன்.

பிறகு விளக்கு நிஜமாகவே அணைந்துபோயிற்று.

அதன் அடியில்தான் எதிர்வீட்டு மதினியின் இட்லிக்கடை. சொந்தத்தில் மதினி இல்லை, தெருமுறையில். அவருக்கு வியாபாரமே விடியுமுன்தான். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கமிருந்து சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் பைக்கில் பூ மூட்டை கொண்டுவருகிறவர்கள் அவருடைய வாடிக்கை. தெரு இருட்டாகக் கிடந்தால் கடை திறக்கவில்லை என்று நினைத்துப் போய்விடுவார்கள். போனார்கள். மதினி ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டு, போன வேகத்தில் திரும்பினார்.

"கொழுந்தனாரே, ஆபீஸ்காரன் 'அந்தக் கம்பமா, அதெல்லாம் எரியும் போங்க'ங்கான். எவனோ ஒரு கிறுக்குப்பய எரியுத லைட்டுக்கே புகார் போட்டுக்கிட்டு இருக்கானாம். அவனால நான் சொல்லுததையும் நம்ப மாட்டேங்கான். அவிச்ச இட்லி பூரா மாட்டுக்குப் போகுது."

"அடப்பாவமே."

"அந்தப் பய மட்டும் என் கையில கெடைக்கட்டும்."

கையில் அப்போது தோசைக்கரண்டி இருந்தது.

வீட்டுக்குள் வந்து, அந்தக் கம்பத்தின் புகார்களை லைப்ரரி வழியாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக என் மாதிரிப் புகார். முதன்முறையாக என் லைப்ரரி ஒரு பயனுள்ள தகவலைத் தந்தது.

ஆபீசுக்குப் போய்க் கம்பத்தின் எண்ணைச் சொன்னதும், ஏணிக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அண்ணாச்சி, அது நீங்கதானா?"

ஒத்திகை, சோதனை என்று விளக்கினேன்.

"அதாவது, எரியுத லைட்ட எரியலன்னு சொல்லுததுக்கு ஒரு மெஷின் செஞ்சிருக்கிய?"

"கிட்டத்தட்ட."

"சரி, இப்ப எரியுதா, எரியலயா? சத்தியமா சொல்லுங்க."

சத்தியம் செய்தேன். போதவில்லை. ஏணியை என் தோளில் மாட்டி, தன் பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். பல்பு மாற்றி முடிக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதினி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணிக்காரர் மேலேயிருந்தபடியே கதை முழுவதையும் அவருக்குச் சொல்லிவிட்டார்.

கரண்டியை எதிர்பார்த்துக் கண்ணை இடுக்கினேன். வரவில்லை. அந்தத் தைரியத்தில் கொஞ்சம் மானத்தை மீட்கப் பார்த்தேன்.

"சோதனையச் சரி பண்ணிட்டேன் மதினி. இப்ப வேற ஊர்க்காரங்களும் இத எடுத்து உபயோகிக்காங்க, தெரியுமா?"

மதினி விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்தந்த ஊர்லயும் ஒரு இட்லிக்கடை இருக்கும்லா, பாவம்."